யாம் கேட்ட இசைத்தட்டுகள்

செவிக்குச் சுவை உண்டென்பதும், அச்சுவை ஆளுக்காள் வேறுபடுமென்பதும் யாவரும் அறிந்தனவே. ஆயினும், தமக்கு இனிப்பதே உயர்ந்த இசையென்றும், பிறர்க்கு இனிப்பது தாழ்ந்ததென்றும் வழக்காடுவோர் தொகை நம் கல்லூரி விடுதியிற் குறைவன்று. இரவுணவு முடிந்தபின் கருநாடக இசையினர் ஒருபுறம், மேனாட்டிசையினர் ஒருபுறம், திரையிசையினர் ஒருபுறமென அணிவகுத்து நிற்பர். ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி. ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆயிரம் பாட்டு. அவ்வழக்கிடை அமர்ந்து இரண்டு யாண்டுகளாக யாம் செவிமடுத்த இசைத்தொகுப்புகள் சிலவற்றைப் பற்றி எமது கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இசைநூற் பயிற்சி எமக்கில்லை. யாம் பயில்வது தமிழ். ஆதலின் தமிழ் தந்த அளவுகோலையே கைக்கொண்டோம். தொல்காப்பியர் ஐந்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுங்கால், தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். ஒரு நிலத்தின் யாழ் மற்றொரு நிலத்தின் யாழினும் உயர்ந்ததென்று அவர் கூறிற்றிலர். யாழ் பறையினும் உயர்ந்ததென்றுங் கூறிற்றிலர். ஒவ்வொன்றும் தன் நிலத்துக்கு உரியது. அவ்வுரிமையை நிரப்பிற்றா என்பதே வினா. இசைத்தட்டையும் அங்ஙனமே வினவுதல் தகும் என்பது எம் கொள்கை.

முதற்கண் நம் கொங்குநாட்டவரையே கூறுவோம். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). அவர் பாடிய காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழல்வது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். ஒலிபெருக்கியில்லா நாடக மேடையிற் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய குரலை மூன்று நிமிடச் சிமிழில் அடைத்தல் எளிதோ? அவர் அதனைச் செய்தார். பழந்தட்டின் கரகரப்பினூடே அக்குரல் எழுங்கால் ஒரு சொல்லேனும் சிதைவதில்லை. சொல் விளங்கப் பாடுதலே பாட்டின் முதலறம் என்பதை அத்தட்டுகளிற் கற்றோம். இக்காலத்துப் பாடகர் பலர்க்கு எழுபது நிமிடம் கிடைத்தும் ஒரு சொல் விளங்கவில்லை.

அடுத்து, இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' என்னுந் தொகுப்பு. அவர் அதனைத் தியாகராசருக்கும் பாக் என்னும் ஜெர்மானிய இசைவாணருக்கும் காணிக்கையாக்கினார். பாக் என்பார் லைப்சிக் நகரத்துத் தூய தோமா ஆலயத்தில் 1723 முதல் 1750-இல் இறக்குமளவும் இசைப்பணி ஆற்றியவர். நம் ஆலயப் பாடகர் குழுவில் நான்கு குரல்கள் தத்தம் வழியே சென்று ஓரிடத்துக் கூடுதலைக் கேட்டு வளர்ந்த எமக்கு, இத்தொகுப்பில் வயலின்கள் ஒன்றையொன்று துரத்திச் செல்லுதல் அயலாகத் தோன்றவில்லை. இராகம் வீட்டு வழக்காகவும், அதன் அடுக்கு ஆலய வழக்காகவுந் தோன்றிற்று. இரண்டினை ஒட்டுப்போட்டாற்போலன்றி, ஒரே மரத்தின் இரு கிளைகள்போல் அவை நிற்கின்றன. விடுமுறையில் இதனை எம் பாட்டனார்க்குக் கேட்பித்தோம். அவர் இமை மூடிக் கேட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா அடி உள்ளுக்குள்ளயே நிக்குது, வெளிய வரமாட்டீங்குது" என்றார். இங்ஙனம் கூறுதற்கு அவர்க்குள்ள தகுதியைப் பின்னர்க் கூறுவோம்.

அவரே 2005-இல் வெளியிட்ட திருவாசக இசைத்தொகுப்பைப் பற்றி எம் நண்பருள்ளேயே இரு கட்சி உண்டு. சைவத் திருமுறையைப் புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழுவைக்கொண்டு இசைத்தார் இளையராஜா. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர். கிறிஸ்தவ மாணவன் இதனைக் கேட்கலாமோ என எம்மை வினவினார் ஒருவர். 1900-ஆம் ஆண்டில், தம் எண்பதாம் அகவையில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்ட போப் ஐயர் ஒரு மிஷனரி என்பதை அவர்க்கு நினைவூட்டினோம். கேட்கலாமோ என்பதன்று, நன்றாக உள்ளதோ என்பதே எமது வினா. மெலிந்து தொடங்கி மலைபோல் எழும் பகுதிகள் நெஞ்சை உருக்குகின்றன. ஆயினும், இருபது நிமிட அளவினதாகிய பாட்டிடை ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் புகுமிடத்து, அழுதுகொண்டிருப்பவரை நடுவே நிறுத்திப் பொருள் கேட்டாற்போன்று எமக்குத் தோன்றுகின்றது. சிறந்த தொகுப்பே, ஆனால் அதன் சிறப்புத் தமிழ் தனித்து நிற்கும் இடங்களிலேயே உளது.

இளைஞர் பெரிதும் விரும்பும் 'ராப்' இசையைப் பேராசிரியர் சிலர் இரைச்சலென்பர். எமக்கு அஃது உடன்பாடன்று. மலேயா நாட்டுத் தமிழரான யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பைக் கேளுங்கள்: மோனையும் எதுகையுமின்றி ஒரு வரியேனும் நடவாது. சந்தம் பிழைத்தாற் பாட்டே விழுந்துவிடும் வடிவம் இது. நம் கோயமுத்தூர் இளைஞராகிய ஆதி, ஜீவாவுடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பில் ஊர்ப்பற்றும் மொழிப்பற்றும் துள்ளுகின்றன. எனினும், பெண்டிரின் நடையுடையை இகழும் பாட்டொன்று அதனில் உண்டு. தாளம் எத்துணை இனிதாயினும் அதனை யாம் விரும்பிலம். சந்தம் நன்றாயிருத்தல் சொல்லின் குற்றத்தை மறைக்காது.

இனி, எத்தட்டிலும் அடங்காத ஒன்றைக் கூறுதல் வேண்டும். கொங்குநாட்டில் உடுக்கையடித்துப் பாடப்பெறும் அண்ணன்மார் கதை ஓரிரவில் முடிவதன்று. 1965-இல் பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் காங்கேயம் பகுதிச் சிற்றூரொன்றில் பல இரவுகள் அமர்ந்து அதனை ஒலிநாடாவிற் பதிவுசெய்தார். அவர் பதியாதிருந்தால் அக்குரல்கள் இன்று நமக்கில்லை. அயல்நாட்டு அம்மையார் ஒருவர் செய்ததை, இம்மண்ணிற் பிறந்து தமிழ் பயிலும் யாம் செய்யவில்லையே என்னும் எண்ணம் எம்மை உறுத்துகின்றது.

உறுத்துதற்குக் காரணம் எம் வீட்டிலேயே உண்டு. எம் பாட்டனார் இளமையில் தப்பட்டை அடித்தவர். வைக்கோற் தீயில் தோலைக் காய்ச்சி, வலக்கையிற் கட்டைக் குச்சியும் இடக்கையில் நெடுங் குச்சியுமாக அடிப்பார் என்று ஊரார் இன்றும் கூறுவர். ஊரில் யார் இறப்பினும் அழைத்தவுடன் செல்லுதல் வேண்டும். கூலி கேட்டல் கூடாது. ஞானஸ்நானம் பெற்ற ஆண்டில் அவர் தப்பட்டையைக் கீழே வைத்தார். அது தோல்வியன்று, விடுதலை. ஆயின் ஆலயத்துள் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் வழியே இராகம் புகுந்தது. மிஷனரிகளோடு ஆர்மோனியம் புகுந்தது. தப்பட்டை மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றது. மதுரை இறையியற் கல்லூரியிற் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு என்பார், பரட்டை அண்ணன் என்று அன்புடன் அழைக்கப்பெற்றவர், பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டினுள் அழைத்தார். அவ்வழைப்பு எங்கள் ஊரை எட்டவில்லை.

சென்ற கோடையிற் பாட்டனாரை வேண்டிக்கொண்டோம். சாவுக்கு ஓரடி, சாமிக்கு ஓரடி, கலியாணத்துக்கு ஓரடியென முக்காலியின்மீது விரலால் தட்டிக் காட்டினார். எண்பத்திரண்டு வயதிற் கை நடுங்கிற்று, அடி நடுங்கவில்லை. பதினொரு நிமிடம் கைப்பேசியிற் பதிந்தோம். எந்தையார் வாயிற்படியில் நின்று, "அந்தக் குச்சியை மறுபடி கையில எடுக்கக் கூடாதுன்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன்" என்றார். அச்சொல்லை யாம் இகழ்கிலம். கட்டாயத்தின் வடு அவர் நெஞ்சில் ஆறவில்லை. ஆயினும், கட்டாயம் வேறு, கலை வேறு. கட்டாயத்தை ஒழித்தல் கடன். அதனோடு கலையையும் புதைத்துவிட்டால், நம்மை அடிமைப்படுத்தினோர் நம் செவியையும் பறித்துக்கொண்டவராவர்.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் தப்பட்டையும் துடும்பும் உடுக்கையும் வல்ல முதியோர் இன்னும் உளர். அவரை விருந்தினராக அழைத்து, உரிய ஊதியம் அளித்து, பெயரும் ஊரும் அவர் விரும்பியவாறே குறித்து, அவர்தம் அடிமுறைகளைப் பதிவுசெய்து நூல்நிலையத்தில் வைப்போமாக. வீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் உள்ள இடமே அதற்கும் உரியது. யாம் கேட்ட தொகுப்புகளுள் எது சிறந்ததென இனி விடுதியில் எவரேனும் வினவுவராயின், இன்னும் பதிவு பெறாத அதுவே என்று விடை கூறுவோம்.