மலைக்கு இப்பாலும் அப்பாலும்

நமது சங்கத்து ஏட்டில் அன்பர்கள் பலர் காசிக்கும் பத்ரிநாத்துக்கும் சென்று வந்த வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். நாம் எழுதப் புகுவதோ, புனேயிலிருந்து கர்ஜத் வரை சென்று அன்று மாலையே திரும்பிய ஒரு சிறு பிரயாணத்தைப் பற்றி. அப்பிரயாணத்திற்குக் காரணமாய் அமைந்தது இப்பூவுலகில் எங்குமே இல்லாத ஒரு நாடு.

நம் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிறு மாலைகளில் அவனும் ரயில்வே குடியிருப்புச் சிறுவர் நால்வரும் நம் வீட்டுக் கூடத்தில் கூடி ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். ஒருவன் கதை நடத்துவான். மற்றவர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்று, ‘காட்டுக்குள் நுழைகிறேன்’, ‘ஆற்றைக் கடக்கிறேன்’ என்று சொல்லி, இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பலன் அறிவார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது இவ்வகை ஆட்டங்களுக்கு மூலம். நாடு சுற்றும் பகுதிக்கு, 1972-இல் வெளிவந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ என்னும் வேறோர் ஆட்டத்தின் பலகையையே அவர்கள் எடுத்தாளச் சொன்னார்கள். காடு, மலை, சதுப்பு, பாலை என்று அறுகோணக் கட்டங்களில் வரைந்த பலகை அது. இன்றும் இவ்விளையாட்டுக்காரர் பலர் அறுகோணத் தாளில்தான் நாடு வரைகிறார்கள். விதிநூல் ஆங்கிலத்தில் தலையணைப் பருமன். பத்தாம் வகுப்போடு நின்ற நமக்கு அதில் பாதி விளங்கவில்லை. மகனுக்கு எல்லாம் விளங்குகிறது. நம்மிடம் கேட்டறிய அவனுக்கு இனி ஒன்றுமில்லை போலும் என்று நாம் சற்றே வருந்தியிருந்தோம்.

ஒரு நாள் அவன் தானே வரைந்த நாட்டைக் கொணர்ந்து காட்டினான். ஒரு கட்டம் பத்துக் கிலோமீட்டர். மேற்கே கடல், கரையில் அடர்காடு, அடுத்து மலைத்தொடர், மலைக்கு அப்பாலும் அதே அடர்காடு, ஒட்டினாற்போல் மணற்பாலை, அதன் பக்கத்தில் பனி.

“இலையில் பரிமாறுவதுபோல் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறாயே தம்பி! நிலம் இத்தனை சீக்கிரம் மாறுமா?” என்று நாம் நகைத்துவிட்டோம்.

அவன் முகம் சிறுத்தது. ‘ஸ்கைரிம்’ என்னும் கணினி ஆட்டத்தைச் சாட்சிக்கு அழைத்தான். 2011-இல் வெளிவந்த அவ்வாட்டத்தை அவன் தோழன் வீட்டில் நாமும் கண்ணுற்றோம். ரிஃப்டன் நகரைச் சூழ்ந்து பொன்னிற இலைகளோடு இலையுதிர்காலத்து மரங்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் வெந்நீர் ஊற்றுகள். இன்னும் போனால் பனி மூடிய விண்ட்ஹெல்ம். அரைமணி நடையில் அத்தனையும் வந்துவிடுகின்றன. நமது ஒரு நிமிஷம் அங்கே இருபது நிமிஷமாம். இரவும் பகலும் விரைந்து மாறுகின்றன. ஆயினும் அந்தப் பொன்னிற மரங்களுக்கு மட்டும் வேறு பருவம் வருவதே இல்லை. அழகில் குறையில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் அலுவலக மேஜையில் லோனாவாலா என்ற பெயரை ஒரு காகிதத்தில் கண்டபோது நமக்குச் சுருக்கென்றது. நாம் மகனிடம் சொன்னது தவறு.

ஆகவே ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் அவனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். இல்லத்தார் புளியோதரை கட்டித் தந்தார்கள். கர்ஜத்தில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பும் வண்டியின் பின்னே பாங்கர் இஞ்சின்களைக் கோத்துத் தள்ளினார்கள். 1863-இல் திறந்த மலைப்பாதை இது. 37 அடிக்கு 1 அடி ஏற்றம். 28 கிலோமீட்டருக்குள் ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மகன் குகைகளை எண்ணத் தொடங்கி, இருட்டில் கணக்கைத் தவறவிட்டான். பாறையெங்கும் வெள்ளை நூலாக அருவிகள். கண்டாலாவில் மேகம் ஜன்னல் வழியே பெட்டிக்குள் நுழைந்து நம் சட்டையை நனைத்தது.

“கடற்காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரை இங்கேயே இறக்கிவிடுகிறது. இனிப் பார்” என்றோம்.

காம்ஷெத்தில் நெல் வயல்கள். தளேகாவ் தாண்டுமுன் மழை தூறலாயிற்று. புனேயில் இறங்கியபோது நடைமேடையின் ஓரம் உலர்ந்து கிடந்தது. லோனாவாலாவில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல். 64 கிலோமீட்டர் தள்ளிப் புனேயில் சுமார் 700. கிழக்கே தவுண்டில் அதனினும் குறைவு.

மகன் விரல் விட்டு எண்ணினான். “ஆறரைக் கட்டம்தான் அப்பா! அப்படியானால் என் நாடு சரிதானே?”

“சீக்கிரம் மாறுவது சரி. நாம் நகைத்தது பிழை. ஆனால் உன் மலை சும்மா நிற்கிறதே! மேற்கே மழையை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு கிழக்கே அடர்காட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?”

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 1991-இல் வந்த ‘டார்க் சன்’ என்னும் ஆட்ட உலகத்தைப் பற்றிச் சொன்னான். மந்திரவாதிகள் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சி மந்திரம் செய்ததால் அவ்வுலகமே பாலையாயிற்றாம். மந்திரமேயானாலும் அதுவும் ஒரு காரணந்தானே என்றோம். வீடு வந்ததும் ரப்பரை எடுத்தான். மலைக்குக் கிழக்கே இருந்த அடர்காடு அழிந்து புல்வெளியும் முள்மரமும் வந்தன. பனியை மலையின் உச்சிக்கு ஏற்றிவிட்டான். மந்திரவாதியின் கோட்டைக்குத் தண்ணீர் வேண்டி ஓர் ஏரியும் வெட்டினான்.

அன்றிரவு அவனே கேட்டான்: “நம் ஊரும் மலைக்குக் கிழக்கேதானே இருக்கிறது அப்பா?”

நமக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ‘அங்கே வெறும் கரிசலும் காற்றுந்தான்; பார்க்க ஒன்றுமில்லை’ என்று இரண்டு வருஷமாக அவன் வர மறுத்து, பாட்டியைக் கண்கலங்க வைத்திருந்தான். இந்தச் சகியாத்திரிதான் தெற்கே நீண்டு செங்கோட்டை வரை போகிறது என்றோம். ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். சுமார் நாற்பது கிலோமீட்டரில் நம் ஊரில் அதே காற்று புழுதியைத்தான் வாரி வீசும். ஆனால் ஐப்பசியில் காற்றே திசை திரும்பிவிடும். வங்கக் கடலிலிருந்து மழை வந்து கரிசல் முழுதும் பச்சையாகும்.

“காற்று திரும்புமா?” என்று வியந்தான். அவன் நாட்டில் ஒரே காற்றுத்தான் வீசிக்கொண்டிருந்தது.

இப்போது படத்தின் ஓரத்தில் மாதங்களை எழுதி, இரண்டு அம்புக்குறி போட்டிருக்கிறான். ஐப்பசி மழையைக் கண்ட பிறகே கிழக்குப் பகுதிக்கு வர்ணம் தீட்டுவானாம். தீபாவளிக்கு ஊர் செல்ல நான்கு பேருக்கும் பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டோம், பாட்டிக்கும் தெரிவித்தாயிற்று.