பசை காயும் வரை

வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தால், "கொஞ்சம் பொறுடா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! சொல்லிச் சொல்லி நம் வாய் வலிக்கிறதே தவிர, பொறுமை வந்த பாடில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பாடத்தை நடத்தியது ஒரு பிளாஸ்டிக் ஆகாய விமானம்.

எங்களுக்குப் பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடி. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற சீமை. என் கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார். ஊருக்கு வந்த நண்பரிடம் மகனுக்காக ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். மேலே அழகான ஸ்பிட்பயர் போர் விமானப் படம். திறந்தால் விமானத்தைக் காணோம்! கொத்தவரங்காய்க் கொத்து மாதிரி சட்டத்தில் தொங்கும் பிளாஸ்டிக் துண்டுகள்தான். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. நாமே வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும்.

பக்கத்து அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறவர்கள், பெரும்பாலும் ஒரே கட்டையில் சாமி சிலையைக் கொண்டு வந்துவிடுவார்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. அங்கே வேண்டாததைச் செதுக்கித் தள்ள வேண்டும். இங்கே வேண்டியதை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இந்த மாதிரிப் பொம்மைகளுக்குப் பேர் போன இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனி, 1949-ல் முதலில் செய்தது ஒரு டிராக்டராம். "நம்ம வயல்ல ஓடுறதாம்மா?" என்று மகனுக்கு ஒரே சிரிப்பு.

இதற்கான பசை, நாம் காகிதத்துக்குத் தடவும் வெள்ளைப் பசை போன்றதல்ல. வெள்ளைப் பசையிலுள்ள நீரைக் காகிதமும் மரமும் உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. ஆகவே அது பிடிக்காது. பொம்மைப் பசையோ, இரண்டு துண்டுகளின் விளிம்பையும் லேசாகக் கரைத்து, ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது. கரைத்த திரவம் ஆவியாகப் போனதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். அதுவரை அசையாமல் பிடிக்க வேண்டும். அதில்தான் சூட்சுமமே!

"எவ்வளவு நேரம்மா பிடிக்கிறது?" இரண்டு நிமிஷத்தில் மகனுக்குக் கை நடுங்கிவிட்டது. வலுவாகப் பிடிக்க ஒரு நாள் முழுக்க விட்டுவைப்பது நல்லது. எந்தக் கை தாங்கும்? எனவே வீட்டிலிருந்த சாமான்களையே வேலைக்கு வைத்தேன்.

விமானத்தின் உடம்பு இரண்டு பாதி. அதைச் சேர்த்துப் பிடிக்கத் துணி கிளிப் போதும். கிளிப் கடிக்கும் இடத்தில் மடித்த காகிதம் வைத்தால் தழும்பு விழாது. இறக்கையின் மேல், கீழ்த் துண்டுகளுக்கு ரப்பர் பேண்ட். இறுக்கிச் சுற்றினால் மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். கிளிப்போ டேப்போ விரலோ, எதுவும் இணைப்புக் கோட்டின் மேல் படக்கூடாது. திரி எண்ணெயை இழுப்பது போல, பசை அதற்கடியில் ஓடி பிளாஸ்டிக்கைக் கரைத்து, விரல் ரேகையைக்கூடப் பதித்துவிடும்.

இந்த விமானத்தின் இறக்கைகள் இரண்டும் சற்று மேல்நோக்கி நிற்க வேண்டும். நுனிகளுக்கு அடியில் ஒரே உயரத்தில் காலி தீப்பெட்டிகளை வைத்தோம். வாலை ஒட்டும்போது, பிளாஸ்டிக் தாள் சுற்றிய விமானத்தை மூக்கு கீழாகப் படியில் நிறுத்த நினைத்தேன். அரிசியை அளந்த என்னை, "உலையில போடுற அரிசியில பசை நாத்தம் எதுக்கு? மணலு போடு" என்று அத்தை தடுத்தார். மணலும் நன்றாகவே தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் பேசும்போது முழு விமானத்தையும் காட்டிவிட வேண்டும் என்பது மகனின் வைராக்கியம். சனிக்கிழமை பெட்டிக்கடையிலிருந்து, சட்டென்று ஒட்டும் பசையை எனக்குத் தெரியாமல் வாங்கி வந்துவிட்டான். வால் ஒட்டவில்லை, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. "அம்மா!" என்று ஒரே அலறல். விரலைப் பிடித்து இழுக்கப் போனவனைத் தடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை ஊற வைத்து, மெதுவாக உருட்டி உருட்டிப் பிரித்தேன்.

தாய்மார்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரம் பட்டால் இறுகுகிற பசை இது. ஒட்டிய தோலைப் பிய்த்து இழுக்கக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவி, இமையை வலிந்து திறக்காமல், உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். சிந்தியதைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பஞ்சு பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். கண் சொட்டு மருந்து இருக்கும் அலமாரியில் இதை வைக்கவே வேண்டாம். அவசரத்தில் மருந்தென்று எண்ணிக் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. பொம்மைப் பசையோ தீப்பற்றக் கூடியது. அடுப்பு, விளக்குப் பக்கம் ஆகாது. நெடி தலைக்கேறாமல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஒட்ட வேண்டும்.

அழுது முடித்த பேரனிடம் அத்தை, "வடகம் ஊத்துன அன்னிக்கே வறுக்கிறோமா ராசா? காயட்டும்" என்றார். அவன் பதில் பேசவில்லை. பொம்மைப் பசையை எடுத்து வாலை மறுபடி ஒட்டி, படி மணலில் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டான். ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தான்; தொடவில்லை.

மறுநாள் போன் வந்தது. "எங்கடா உன் விமானம்?" என்று ஆவலாகக் கேட்டார் அவர்.

"வாலு இன்னும் காயலப்பா. இப்ப எடுத்தா சாஞ்சிடும். அடுத்த வாரம் காட்டுறேன், நீங்க கொஞ்சம் பொறுங்க."

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிப்பா, நான் பொறுத்துக்கிறேன்" என்றார். அவர் ஊருக்கு வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. காலண்டரில் தேதிகளை இப்போது மகன்தான் அடித்துக்கொண்டு வருகிறான்.