செவலைக்கு விடைகொடுத்தோம்

மாத்தளை நகரில் வாழ்பவர்க்கு மாசி மகம் என்றால் முத்துமாரியம்மன் தேர் என்பதே பொருள். அன்று ஐந்து தேர்கள் வீதிக்கு வரும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மக்கள் திரள்திரளாக வந்து சேர்வர். மேளமும் பறையும் வெடியும் ஒன்றாய்க் கலந்து மலைகளில் மோதித் திரும்பும். எம் இல்லத்துச் செவலைக்கு மட்டும் அத்திருநாள் ஆண்டுதோறும் பெருஞ் சோதனையாகவே இருந்து வந்தது. முதல் வெடி கேட்ட கணமே அது கட்டிலின் அடியிற் புகுந்துகொள்ளும். மறுநாட் காலைவரை சோற்றைக் காட்டினும் வெளிவராது. "சாமி வர்ற நேரத்துல ஒளியிற நாயி" என்று எம் அன்னையார் அதனைப் பரிகசிப்பார்.

2024ஆம் ஆண்டுத் தேரன்றும் வெடிகள் வழக்கம்போல் அதிர்ந்தன. செவலையோ வாயிற்படியில் தலையை வைத்து அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது. "பார்த்தீர்களா, கடைசியில் இதற்கும் தைரியம் வந்துவிட்டது" என்று நாம் வேடிக்கையாகச் சொன்னோம். அன்னையார் சிரிக்கவில்லை. அருகிற் சென்று குனிந்து, அதன் தலைக்குப் பின்னால் இரு கைகளையும் தட்டிப் பார்த்தார்.

"தைரியம் இல்ல தம்பி. காது போச்சு."

அந்த நாய் எம் வீட்டுக்கு வந்தது 2010ஆம் ஆண்டில். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சந்தையிலிருந்து மீண்ட அன்னையார் மரக்கறிப் பையிலிருந்து முதலில் கத்தரிக்காயையும் பிறகு ஒரு குட்டியையும் எடுத்து வெளியே வைத்தார். கானுக்குள் கிடந்ததாம். பெயரிடும் படலம் தொடங்கியது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியரல்லவா, நாம் பழைய நூல்களைப் புரட்டி அழகிய பெயர் ஒன்று தேடலானோம். எம் இல்லாள் 'ஜிம்மி' என்றாள். அன்னையார் எவர் சொல்லையும் செவிமடுத்தாரில்லை. "செவலை" என்றார், குட்டி வாலை ஆட்டியது, அவ்வளவுதான். அப்பெயருக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று எமக்கு அன்று தோன்றவில்லை. நிறம் செம்மையாயிருந்தது, அது போதாதா?

அடுத்த ஆண்டு எம் மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்து சென்று முதன்முதலிற் பற்றிப் பிடித்து எழுந்து நின்றது செவலையின் முதுகைத்தான். கல்லூரி விட்டு நாம் வீடு திரும்பும் நேரத்தை அது கடிகாரமின்றி அறிந்தது, சனிக்கிழமையையும் அறிந்தது. அதன் முழுநேரத் தொழில் குரங்கு விரட்டுதல். மாத்தளையில் மரம் வைத்திருப்போர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கொய்யா பழுத்ததும் மதிலுக்கு அப்பால் ஒரு கூட்டம் வந்து குந்தும். செவலை முற்றத்தில் நிற்கும்வரை ஒன்றும் இறங்காது. இந்தக் காவலுக்காக அது எம்மிடம் கேட்ட கூலி, பலாப்பழக் காலத்தில் நாளுக்கு இரண்டு சுளை.

தேர் முடிந்து இரு வாரத்தில் அது ஓயாது தண்ணீர் குடிக்கத் தொடங்கிற்று. வெயில்தானே என்றிருந்தோம். பின்னர் சோற்றை முகர்ந்துவிட்டு அப்பாற் சென்றது, வாந்தி எடுத்தது, வாயில் ஒருவகைத் துர்நாற்றமும் புண்களும் கண்டன. மிருக வைத்தியராகிய அம்மையார் இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டுச் சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன என்றார். நாயின் சிறுநீரகங்கள் ஏறத்தாழ முக்காற்பங்கு தம் வேலையை இழக்கும்வரை இரத்தப் பரிசோதனையில் அந்தக் குறை வெளிப்படுவதில்லையாம். வீட்டில் முதிய நாய் உடையவர்கள் இதனை மனத்திற் கொள்ளட்டும்: அது வழக்கத்துக்கு மாறாக நீர் பருகினால் வெயிலின்மேற் பழிபோட்டு இருந்துவிடாதீர்கள். நாம் இருந்தோம்.

சேலைன் ஏற்றினால் சில நாட்கள் கிடைக்கும் என்றார் வைத்தியர். ஏற்றினோம். நான்கு நாட்கள் தலைநிமிர்ந்தது. ஐந்தாம் நாள் எழ முடியாமற் கிடந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு, வெட்கத்தால் எம்மைப் பாராது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. நாய்க்கு வெட்கம் உண்டோ என்று கேட்பவர் நாய் வளர்த்தவர் அல்லர்.

"சேர், இனி இதற்கு வேதனை மட்டுந்தான். ஊசி போட்டு உறங்கவைக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் வைத்தியர்.

யோசித்தோம். இரவு முழுவதும் யோசித்தோம். கொல்லாமையைப் பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்க்குப் போதித்து வந்த நாவினால், "போடுங்கள்" என்று எப்படிச் சொல்வது? 1928ஆம் ஆண்டில் சபர்மதி ஆச்சிரமத்தில், தேறாத நோயினால் துடித்துக்கொண்டிருந்த கன்றொன்றை ஊசிமூலம் உயிர்நீக்க மகாத்மா காந்தி இசைந்தார். அகிம்சையின் உறைவிடமே இப்படிச் செய்யலாமா என்று கண்டனம் தெரிவித்துக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவரோ தம் செயலும் அகிம்சையே என்று தம் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதி நின்றார். அச்செய்தி அன்றிரவு எமக்கு ஓரளவு துணிவைத் தந்தது உண்மை. ஆயினும் காந்தியடிகள் அந்தக் கன்றின் அருகிலே நின்றார். எமது திட்டமோ வேறாயிருந்தது.

அதனை மறையாமற் சொல்லிவிடுகிறோம். மகள் பாடசாலைக்குச் சென்றபின், செவலையை முச்சக்கரவண்டியில் ஏற்றி வைத்தியசாலையில் விட்டுவிட்டு நாம் கல்லூரிக்குப் போய்விடுவது. மற்றதை அங்குள்ளோர் கவனித்துக்கொள்வர். மாலையில் மகளிடம், அது உறக்கத்திலேயே போய்விட்டது என்று சொல்லிவிடலாம். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்பது வெளியிற் கூறிய காரணம். பார்த்து நிற்க எமக்கு நெஞ்சுரம் இல்லை என்பதே உட்காரணம். அடுக்களையில் இல்லாளுடன் இதனைத் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டிருந்தபோது, வாயிலில் அன்னையார் நின்றதை நாம் கவனிக்கவில்லை.

"சொல்லாமக் கொண்டுபோயி விட்டுட்டு வரப்போறியா?" என்றார்.

நாம் விடை கூறவில்லை. அவர் பலகையை இழுத்துப் போட்டு அமர்ந்து, எம் வாழ்நாளில் நாம் ஒருபோதும் கேட்டிராத கதையொன்றைச் சொன்னார்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தை இன்றைய மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திற் படித்திருப்பார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. கணக்கு மிகச் சரியானதே. ஆனால் அந்தக் கணக்கின் கோடு ஒரே வீட்டின் நடுவிலும் சென்றது. எம் தந்தையார் குடும்பத்துக்கு இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்திருந்தது. அவரை மணந்த அன்னையார் இங்கே தங்கினார். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த அவருடைய பெற்றோரும் தம்பிமாரும் 1973இல் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். அக்காலத்தில் தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்பர். அந்தப் பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை.

எம் அம்மாயியின் வீட்டில் ஒரு நாய் இருந்தது. கடவுச்சீட்டில் வீட்டார் எல்லோருக்கும் இடம் இருந்தது. நாய்க்கு எப்படி இருக்கும்? தோட்டத்துக் கோயிலிற் பாரதக்கதை கேட்டுப் பழகிய தாத்தா, "தருமரு நாய விட்டுட்டுச் சொர்க்கத்துக்கே வரமாட்டேன்னாரே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாராம். "அவருகிட்ட யாரு பாஸ்போட்டு கேட்டா?" என்றாராம் அம்மாயி. புறப்படும் நாளுக்கு முதல் நாள் இரவு கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்து அதற்கு வைத்தார். விடியற்காலை, லொறி வருமுன்னே, லயத்தின் பின்னாலிருந்த கொய்யா மரத்தில் அதைக் கயிற்றாற் கட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட்டார். பார்த்தால் அது குரைக்கும். குரைத்தால் கால் நகராது.

வழியனுப்பிவிட்டு மறுநாள் அன்னையார் தோட்டத்துக்கு ஏறிச் சென்றபோது கயிறு அறுந்து கிடந்தது. பூட்டிய வீட்டின் வாயிலில் நாய் படுத்திருந்தது. தம்முடன் மாத்தளைக்கு அழைத்து வந்தார். இரவோடு இரவாக ஓடிவிட்டது. மீண்டும் அழைத்து வந்தார்; மீண்டும் ஓடிற்று. அயல் வீட்டார் சோறு வைத்தனர். அது வழியைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். ஒரு மாதம்.

"நாங்க எல்லாம் டேசன்ல கட்டிப்பிடிச்சு அழுதோம், தம்பி. போயிட்டு வர்றோம்னு ஆளுக்கு ஆள் நூறு வாட்டி சொன்னோம். அதுகிட்ட ஒருத்தரும் சொல்லல."

மண்டபம் முகாமிலிருந்தும் பின்னர் கோத்தகிரியிலிருந்தும் அம்மாயி எழுதுவித்த கடிதம் ஒவ்வொன்றின் முடிவிலும், 'நாய் சுகமா?' என்றொரு வரி இருக்குமாம். அன்னையார் மூன்று ஆண்டுகள், 'சுகம்' என்றே பதில் எழுதினார். அதன்பின் வந்த கடிதங்களில் அந்தக் கேள்வி இல்லை.

"அதுக்குப் பேரு என்னம்மா?" என்று கேட்டோம். கேட்ட பிறகே, கேட்டிருக்க வேண்டியதில்லை என்று உணர்ந்தோம். அன்னையார் கூடத்தில் கிடந்த செவலையைப் பார்த்தார்.

சனிக்கிழமை பிற்பகல் வைத்தியர் எம் இல்லத்துக்கே வந்தார். முதல் நாளே மகளிடம் யாவற்றையும் உள்ளபடி சொல்லியிருந்தோம். அவள் அழுதாள்; சினந்தாள்; நாம் மோசமான அப்பா என்றாள். பிறகு, "நான் பக்கத்துல இருப்பேன்" என்றாள். முதலிற் போடும் ஊசி மயக்கத்துக்கு, அடுத்தது நரம்பில், இதயம் சில நிமிடங்களில் நின்றுவிடும், கண்கள் மூடமாட்டா, மூச்சு நின்ற பின்னும் ஒரு முறை உடல் அசையலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று வைத்தியர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். பெரியவர்களாகிய எமக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

கொய்யா மரத்தடியிற் பாய் விரித்தோம். அன்னையார் செவலையின் தலையை மடிமேல் வைத்துக்கொண்டார். சிறு கரண்டியாற் பால் எடுத்து, மனிதர்க்குச் செய்வதுபோலவே அதன் உதட்டை நனைத்தார். "செவலை, போயிட்டு வா" என்றார். காது கேளாத நாயிடம் அவர் உரக்கச் சொல்லவில்லை; நெற்றியோடு நெற்றி வைத்துச் சொன்னார். இல்லாளும் சொன்னாள். மகள் அதன் காதுமடலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னாள். அது அவர்களுக்குள் இருக்கட்டும். எம் முறை வந்தது. நாள்தோறும் ஐந்து மணி நேரம் பேசிப் பிழைக்கும் எமக்கு அப்போது ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. அதன் முன்காலைப் பிடித்துக்கொண்டோம். வைத்தியர் நரம்பைத் தேடியதும் அந்தக் காலிலேதான். வால் இரு முறை பாயைத் தட்டிற்று. அதன்பின் அமைதி.

குழி நான்கு அடி ஆழம். பன்றி தோண்டும் ஊராதலால் மேலே கற்களைப் பரப்பினோம். மகள் சுதுகங்கைக் கரையிலிருந்து தட்டையான கல்லொன்றைக் கொண்டுவந்து, வெள்ளைப் பூச்சினால் 'செவலை' என்று எழுதினாள். "நாய்க்கும் கல்லா?" என்று வழிப்போக்கர் ஒருவர் மதிலுக்கு அப்பால் நின்று நகைத்தார். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட நடுகல் ஒன்று உண்டு. கள்ளரோடு போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்னும் வீரனோடு, அக்கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் அதில் உருவமும் பெயரும் பெற்றிருக்கின்றது. இதனை அவருக்குச் சொல்லலாமா என்று எண்ணினோம். அதற்குள் அவர் போய்விட்டார். மகளுக்குச் சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, கல்லின் மறுபுறத்தில் இன்னுமொரு முறை 'செவலை' என்று எழுதினாள்.

"இது எதற்கு?" என்றோம்.

"அப்பாயியோட செவலைக்கு."

முதல் வாரம் குரங்குகள் மதிலின்மேல் வந்து குந்தி முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தன, இறங்கவில்லை. இரண்டாம் வாரம் முதலில் ஒன்று இறங்கிற்று. பின்னர் மற்றவையும் இறங்கின. கொய்யா மரத்தில் ஒரு பழம் மீதியில்லை. மூலையில் தடி கிடந்தது. அன்னையார் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார்.