ரோட்ஸா, அடாயா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளைக் காணோமேன்னு யாரும் கேக்கலை. இருந்தாலும் சொல்லிடறேன், ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே.

நான் பொட்டி தட்டுறது இண்டியானாபொலிஸ்ல. வந்து மூணு வருஷம் ஆச்சு. இந்த ஊர்க்காரங்களுக்கு மே மாசம்னா கார் ரேஸ், செப்டம்பர் வந்தா கோல்ட்ஸ். கோல்ட்ஸ்னா தங்கம் இல்லீங்க, குதிரைக்குட்டி. தங்கத்துக்கும் ஹெல்மெட்ல இருக்குற லாடத்துக்கும் என்னடா சம்பந்தம்னு முதல் சீசன் பூரா மண்டையைப் பிச்சுக்கிட்டவன் நான்.

பக்கத்து சீட்ல கிளையண்ட் கம்பெனிப் பெருசு ஒருத்தர் இருக்கார். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் பாக்கி. இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவர். அவரைப் பொறுத்தவரைக்கும் 2006 சீசன் இன்னும் முடியலை. அந்த வருஷம் கோல்ட்ஸ் அணியில ரெண்டு ரன்னிங் பேக். அனுபவஸ்தன் டாமினிக் ரோட்ஸ், புதுப்பையன் ஜோசப் அடாய். யார் பெரிய ஆளுன்னு எனக்கும் அவருக்கும் மதிய சாப்பாட்டு நேரத்துல தினமும் பஞ்சாயத்து.

ரன்னிங் பேக்னா யாருன்னு கேக்குறவங்களுக்கு: நம்ம கபடி ரெய்டரை நெனச்சுக்குங்க. ரெய்டர் தனியாப் போவார். இவருக்கு முன்னாடி அஞ்சு தடியனுங்க வழி உண்டாக்குவாங்க. குவார்ட்டர்பேக் கையில குடுக்குற பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அந்த இடுக்குல பாயணும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நூறு கிலோவுக்கு மேல எடையுள்ள நாலு பேர் மேல வந்து விழுவான். முட்டி எத்தனை வருஷம் தாங்கும்? முப்பதைத் தாண்டி ஓடுறவன் அபூர்வம். 2006-ல அந்த 'அனுபவஸ்தன்' ரோட்ஸுக்கு வயசு 27. திரும்பவும் படிங்க, 27!

இப்ப கணக்கைப் பாருங்க. அடாய் 226 தடவை ஓடி 1,081 கெஜம். ரோட்ஸ் 187 தடவை ஓடி 641. ஒரு ஓட்டத்துக்குப் பையன் 4.8, பெரியவர் 3.4. நவம்பர்ல பிலடெல்பியாவோட ஆடின ஒரே ஆட்டத்துல அடாய் 171 கெஜம், நாலு டச் டவுன். ஆனா லீக் ஆட்டம் பதினாறுலயும் முதல்ல களத்துல இறங்கினது ரோட்ஸ்தான். லீக் ஆட்டம் முடியுற வரைக்கும் கோச் டோனி டன்ஜி அதை மாத்தவே இல்லை.

நான் எக்ஸெல் ஷீட் ஆளு. 4.8 பெருசா, 3.4 பெருசா? இதுல பேச என்ன இருக்குன்னேன்.

பெருசு சாண்ட்விச்சைக் கீழ வெச்சுட்டு, "பேட்டன் மேனிங்கை யார் காப்பாத்துவா?"ன்னார்.

யோசிச்சா நியாயம்தான். மேனிங் கோட்டுக்கிட்ட வந்து நின்னு, எதிரணி நிக்கிற நிலையைப் பார்த்து, கடைசி நொடியில திட்டத்தையே மாத்திக் கத்துற ஆளு. அப்ப ரன்னிங் பேக் பந்தோட ஓடுறது மட்டும் வேலை இல்லை. எந்தப் பக்கத்துல இருந்து எவன் பாய்ஞ்சு வருவான்னு கண்டுபிடிச்சுக் குறுக்க விழணும். அது கெஜக் கணக்குல வராது. ஒரு தடவை தப்பினா மேனிங் ஆஸ்பத்திரியில, சீசன் குப்பையில.

பெருசு ரோட்ஸ் பக்கம் நிக்கிறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001-ல ரோட்ஸே புதுப்பையனா வந்தவர். டிராஃப்ட்ல ஒரு அணியும் சீண்டலை. அப்ப அங்க ராஜா எட்ஜரின் ஜேம்ஸ். ஆறாவது ஆட்டத்துல ஜேம்ஸுக்கு முட்டி போக, உள்ள வந்த ரோட்ஸ் அந்த வருஷமே 1,104 கெஜம். அடுத்த வருஷம் அவரோட முட்டியும் போச்சு, சீசன் பூரா வெளிய. திரும்பி வந்து ஜேம்ஸுக்குப் பின்னாடி காத்துக்கிட்டே இருந்தார். 2006-ல ஜேம்ஸ் பெரிய சம்பளத்துக்கு அரிசோனா போனார். சரி, இனி நம்ம முறைன்னு ரோட்ஸ் நிமிர்ந்தா, அணி முதல் சுற்றுலயே அடாயை எடுத்துட்டு வந்து பக்கத்துல நிறுத்துது. புதுப்பையனுக்குச் சம்பளமும் கம்மி, முட்டியும் புதுசு. எந்த முதலாளிதான் விடுவான்?

இந்தக் கதையைக் கேக்கும்போது எனக்குச் சிரிப்பு வரலை. காரணம் சொல்றேன்.

போன மாசம் எங்க டேமேஜர் கூப்பிட்டார். ஜனவரியில இருந்து டீம்ல ஒரு சீட்டு குறையுதாம். சென்னையில இருக்குற ரெண்டு பேர்ல யாரை வெச்சுக்கலாம், நீயே எழுதுன்னார். ஒருத்தர் நாப்பது தாண்டின அண்ணன். நான் சேர்ந்த புதுசுல ராத்திரி ரெண்டு மணிக்கு பேட்ச் ஜாப் விழுந்தப்ப, போன்லயே கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனவர். இன்னொருத்தன் காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் ஆன பையன். அண்ணன் மூணு நாள்ல முடிக்கிறதை ஒரே நாள்ல முடிக்கிறான். என் எக்ஸெல் ஷீட்ல பையன்தான் ஜெயிக்கிறான், சந்தேகமே இல்லை. எனக்கு இப்ப 28. ரோட்ஸை விட ஒரு வயசு மூத்தவன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2007 ஜனவரியில நியூ இங்கிலாந்தோட அரையிறுதி மாதிரியான ஆட்டம். 21-3ன்னு கோல்ட்ஸ் பின்னாடி கிடந்து எழுந்து வந்தாங்க. கடைசி நிமிஷத்துல மூணு கெஜம் ஓடி ஜெயிக்க வெச்சது அடாய். (நான் யூட்யூப்ல அம்பது தடவை பார்த்தாச்சு.) ரெண்டு வாரம் கழிச்சு மியாமியில கொட்டுற மழையில சூப்பர் பவுல், சிகாகோவோட. பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது. அதுல 113 கெஜம் ஓடினது யாரு? ரோட்ஸ்! அடாய் 77 கெஜம் ஓடி, பத்து பந்தும் பிடிச்சான். கோல்ட்ஸ் 29, சிகாகோ 17.

என் கட்சியை நான் மாத்தலை. ஒரே ஒரு ஆளைத்தான் வெச்சுக்க முடியும்னா இப்பவும் அடாய்தான். ஆனா டன்ஜி அந்தக் கேள்வியைக் கடைசி வரைக்கும் தன்கிட்ட கேட்டுக்கவே இல்லைங்கிறது எனக்கு லேட்டாத்தான் உறைச்சுது. 413 ஓட்டத்தை ரெண்டு முதுகுல பிரிச்சுப் போட்டார். அதனாலதான் பிப்ரவரி மழையிலயும் ரெண்டு பேர் கால்லயும் தெம்பு இருந்துச்சு.

கப்பு வாங்கின அடுத்த மாசமே ரோட்ஸ் ஓக்லாண்டுக்குப் போயிட்டார். 2009-ல டொனால்டு பிரவுன்னு ஒரு புதுப்பையனை முதல் சுற்றுல எடுத்தாங்க. இப்ப அனுபவஸ்தன் யாரு? நம்ம அடாய். அவர் கடைசியா ஆடின சீசன் 2011. வயசு 28.

மெயிலை நேத்து ராத்திரி அனுப்பிட்டேன். காலையில பெருசு வந்ததும், "யார் பேரை எழுதினே?"ன்னார்.

"ரெண்டு பேரையும். ஆளுக்குப் பாதிப் பாதி நேரம் போட்டு, ஒரே சீட்டுக் காசுல ஆறு மாசம் ஓட்டலாம்னு. மீதி நேரத்துக்கு வேற புராஜெக்ட் பாருங்கன்னும் கேட்டிருக்கேன்."

"அது பதிலே இல்லையேப்பா."

"டன்ஜிகிட்டயும் இதையே சொல்வீங்களா?"

சிரிச்சுட்டு ஸ்கிரீன் பக்கம் திரும்பிட்டார். டேமேஜர்கிட்ட இருந்து இன்னும் பதில் வரலை. திங்கக்கிழமை மீட்டிங் போட்டிருக்கார்.