இரண்டு சைக்கிள்கள்

ஒரு சைக்கிளின் விலை ஒரு லட்சத்து முப்பதினாயிரம் ரூபாய் என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்களோ தெரியாது. நான், "மோட்டார் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

அண்ணன் மகன் சிரித்தான். "இதுக்கு மோட்டார் கிடையாது சித்தப்பா. நாமதான் மோட்டார்" என்றான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் மோதிரம் வாங்குவார்கள், நிலம் வாங்குவார்கள். இவன் சைக்கிள் வாங்கியிருந்தான். ஆயக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அது சாய்ந்து நின்றது. மட்கார்டு இல்லை, காரியர் இல்லை, மணிகூட இல்லை. ஏழைச் சைக்கிள் மாதிரி இருந்தது.

"கிராவல் பைக்" என்று அதற்குப் பெயராம். கிராவல் எங்கள் ஊருக்குப் புதிய சொல் அல்ல. குளத்திலே கிராவல் அள்ளினார்கள், ரோட்டுக்குக் கிராவல் அடித்தார்கள் என்று கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூடச் சொல்வார்கள். தார் போடுவதற்கு முன்னால் கொட்டி, பிறகு தார் போட மறந்துவிடுகிறார்களே, அந்தச் செம்மண் சரளைதான். அந்தச் சரளையில் ஓட்டுவதற்காகவே இப்போது உலகம் பூராவும் சைக்கிள் செய்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தில் எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006-ல் சில பேர் சேர்ந்து சரளைப் பாதையிலே இருநூறு மைல் பந்தயம் ஒன்று தொடங்கினார்கள். அது வளர்ந்து, 2022-ல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டி என்ற அளவுக்கு வந்துவிட்டது. தார் இல்லாத ரோட்டை நாடி மனிதர்கள் விமானம் ஏறிப் போகிறார்கள்! எங்கள் பக்கத்தில் தார் கேட்டு மனு எழுதியே பல பேருக்கு வயதாகிவிட்டது.

நான் ஊருக்கு வந்தது சைக்கிள் பார்க்க அல்ல. மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர் கொய்யாத் தோட்டம் இருக்கிறது. அப்பா வைத்தது. பாகம் பிரிக்காமல் அண்ணனே பார்த்துக்கொள்கிறார். அதை விற்றுவிடலாம் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மதுரையில் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்கு, எங்கேயோ நமக்கு ஒரு தோட்டம் இருக்கிறது என்ற எண்ணமே பெரிய சொத்து. என் கதைகளில் அந்தத் தோட்டம் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. கையெழுத்துப் போட முடியாது என்று நேரில் சொல்லிவிடுவதற்காகத்தான் வந்தேன்.

வந்த அன்று அண்ணன் வீட்டில் இல்லை. தோட்டத்துக் காவலுக்குப் போயிருந்தார். அண்ணி சாப்பாடு போட்டார்கள். விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "காலையில நாம சைக்கிள்லயே போயிடலாம் சித்தப்பா, கொஞ்சம் சுத்திக்கிட்டு" என்றான் பையன்.

"எனக்குச் சைக்கிள்?"

"நீங்க இதுல வாங்க. நான் தாத்தா சைக்கிள்ல வர்றேன்."

அப்பாவின் ஹெர்குலிஸ் இன்னும் ஓடுகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் ஏற்பட்டது. அங்கே செய்த வண்டி. எண்பதுகளில் அப்பா அதன் காரியரில் இரண்டு பக்கமும் கூடை கட்டி, கொய்யாப்பழம் ஏற்றி, பழனிக்கு மிதிப்பார். அந்த வண்டியில்தான் நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். முழங்காலில் உள்ள தழும்புக்கு அதுவே சாட்சி.

டார்ச் வெளிச்சத்தில் இரண்டு டயரையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். புதிய வண்டியின் டயர் நாற்பது மில்லிமீட்டர் அகலம். அதுதான் இந்தச் சைக்கிளின் ரகசியம் என்று பையன் வெகுநேரம் விளக்கியிருந்தான். பந்தயச் சைக்கிளின் டயர் மெலிந்தது, கல்லில் தாங்காது. இது அகலம், காற்றும் குறைவாகத்தான் அடிக்க வேண்டும், அதனால் கல்லை விழுங்கிக்கொண்டு போகும் என்றான். ஹெர்குலிஸ் டயரில் 28-க்கு 1½ அங்குலம் என்று போட்டிருந்தது. ஒன்றரை அங்குலம் என்றால் முப்பத்தெட்டு மில்லிமீட்டர். இத்தனை வருஷத்து விஞ்ஞானத்துக்கு வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்! அப்பா காலம் முழுவதும் கிராவல் பைக்தான் ஓட்டியிருக்கிறார், பாவம், அவருக்குத் தெரியாது. நியாயத்துக்காக மற்றதையும் சொல்லிவிட வேண்டும். புதிய வண்டியில் தகடுகளைப் பிடித்து நிறுத்தும் டிஸ்க் பிரேக் உண்டு. கியர்களில் கடைசிக் கியரில் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். சுவரில்கூட ஏறலாம் போலிருக்கிறது. ஹெர்குலிஸுக்குக் கியர் இல்லை. ரிம்மைத் தடவிக் கொடுக்கிற கம்பிப் பிரேக்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். கொய்யாச் சந்தையில் அதற்குள் விளக்கு எரிந்தது. பெட்டி பெட்டியாகப் பழம் இறங்கிக்கொண்டிருந்தது. லக்னோ-49 என்று வடநாட்டுப் பெயர் வைத்துக்கொண்டு இந்தச் செம்மண்ணில் வேரூன்றிய பழம். கேரளத்து லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு விலை பேசினார்கள். ஆயக்குடி ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். இப்போது கேட்டால் யாரும் ஜமீனைச் சொல்வதில்லை; கொய்யா என்றுதான் சொல்கிறார்கள்.

குளத்துக் கரையில் ஏறி, தெற்கே மலையைப் பார்த்துத் திரும்பினோம். வரதமாநதி அணையின் தண்ணீர்தான் இந்தப் பக்கத்துக் குளங்களை நிரப்புகிறது. பழனி மலையின் வடசரிவில் இறங்குகிற ஓடைகளுக்குக் கணக்கில்லை. வரதமாநதி, பாலாறு, பொருந்தலாறு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளத்தாக்கில் இறங்கி, சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, கரூருக்குப் பக்கத்தில் காவேரிக்குப் போய்ச் சேர்கின்றன. ஆயக்குடிக்காரன் கால் கழுவுகிற தண்ணீரில் ஒரு கை, தஞ்சாவூர்க்காரன் வயலுக்குப் போகும் என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

வாய்க்கால் பாதை முழுக்கச் சரளை. அந்தச் சைக்கிள் என்னைச் சுமந்து போன சுகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல் மேல் ஏறுவது தெரிகிறது, ஆனால் வலிக்கவில்லை. மரங்களின் பச்சை வாசனையும் ஈர மண் வாசனையும் முகத்தில் அடித்தன. வரப்புகளில் மயில்கள் நின்றன. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இந்த மலைக்காரன்தானே! பையனிடம் அதைச் சொன்னேன்.

"அப்பாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. போர்வை கொடுத்தவன் மக்காச்சோளம் விதைச்சிருக்க மாட்டான்னு சொல்வாரு" என்றான். பின்னால் ஹெர்குலிஸ் கடகடவென்று முனகிக்கொண்டு வந்தது.

அணையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் உயரம் 66 அடிதான். மேட்டூரைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு அணையாகவே தோன்றாது. ஆனால் மூன்று பக்கமும் மலை எழுந்து அந்தச் சின்னத் தண்ணீரில் தலைகீழாக நிற்கும்போது, இதற்கு மேல் பெரிதாக என்ன வேண்டும் என்று இருந்தது.

அதற்கப்புறம் கொடைக்கானல் மலைச் சாலை. பழனியிலிருந்து மேலே சுமார் 65 கிலோமீட்டர். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக்கூடாது. இந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாங்கள் ஏழெட்டு வளைவு ஏறினோம். நான் கடைசிக் கியரில், நடப்பவனைவிடக் கொஞ்சம் வேகமாக, பெருமூச்சு விட்டுக்கொண்டு. அவன் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். தலைக்கு மேலே மலையணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவி, நின்று எங்களைத் திட்டிற்று. வளைவில் நின்று கீழே பார்த்தேன். அணை ஒரு கண்ணாடித் துண்டு. அப்பால் தென்னை, மக்காச்சோளம், கொய்யா. அதற்கும் அப்பால் பழனியாண்டவர் குன்று. இதையா விற்பது? என்ன மனிதர் இந்த அண்ணன்! அவரிடம் பேச வேண்டிய வசனங்களை எல்லாம் அங்கேயே தயார் செய்துகொண்டேன். நன்றாகவே அமைந்தன.

இறங்கும்போதுதான் சங்கடம் வந்தது. ஹெர்குலிஸின் பிரேக் அந்தச் சரிவுக்கு ஆகாது. நான் வண்டியை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "வேண்டாம் சித்தப்பா, உங்களால முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ரோட்டோரம் முறிந்து கிடந்த ஒரு காய்ந்த கிளையை இழுத்து வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதைக் காரியரில் கட்டினான். கிளை தரையில் சரசரவென்று இழுபட, வண்டி பெட்டிப்பாம்பாக இறங்கிற்று.

"இதை எங்கே கத்துக்கிட்டே?"

"தாத்தா மலை வாழைத்தார் ஏத்திக்கிட்டு இறங்கும்போது இப்படித்தான் கட்டுவாராம். அப்பா சொல்லியிருக்காரு."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முன்பாரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். தோட்டத்தைப் பற்றி இத்தனை கதை எழுதினேனே, எதிலும் அந்தக் கிளை வரவில்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தேன். மறக்காமல் மகனுக்குச் சொல்லி வைத்தவர் விற்க நினைக்கிற அண்ணன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. வேலியின் கம்பி ஒரு இடத்தில் மடங்கிக் கிடந்தது. உள்ளே, முறம் அகலத்துக்கு வட்ட வட்டமாகப் பள்ளங்கள். அதில் ஒன்றில் தண்ணீர்கூட ஊறியிருந்தது. பதினொரு மரம் முறிந்திருந்தது. அவற்றில் நான்கு, அப்பா கையால் வைத்தவை. கொய்யாப் பிஞ்சுகள் மண்ணோடு நசுங்கி, ஊரெல்லாம் மணத்தன. அந்த மணம்தான் அவற்றை மலையிலிருந்து இழுக்கிறது. ஒரு யானைக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தீனி வேண்டும். காட்டில் நாள் முழுக்கத் தேட வேண்டியதை இங்கே ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். அதன்மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை.

அண்ணன் பரணிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பத்து மூன்று வயது. கண்கள் இரண்டும் செவசெவ என்றிருந்தன. முறிந்த மரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சைக்கிள்லயா வந்தே? மூச்சு வாங்குதா?" என்று கேட்டார்.

தயார் செய்த வசனங்களில் ஒன்றை மட்டும் சொன்னேன். "அண்ணே, மேலே இருந்து பார்த்தா எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா!"

"இருக்கும்" என்றார். பிறகு, முறிந்த கிளை ஒன்றை ஒதுக்கிப் போட்டுக்கொண்டே, "தம்பி, நீ ஒரு ராத்திரி இங்கே இருந்து பாரேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போயேன் என்பது மாதிரி சொன்னார்.

இருந்தேன். பரணில் ஒரு கிழிந்த பாய், ஒரு தகர டப்பா, அடிக்க ஒரு குச்சி, பெரிய டார்ச், ஒரு பொட்டலம் பட்டாசு. எட்டு மணிக்கே மலை கறுத்து, தோட்டத்துக்கு நேர் மேலே வந்து நின்றுவிட்டது. காலையில் பார்த்த அதே மலை. ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் டார்ச்சை அடித்தேன். வௌவால், முள்ளம்பன்றி, காற்று. "அது ஒண்ணும் இல்லை. ஆனை வந்தா சத்தமே கேட்காது" என்றார் அண்ணன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எத்தனை நாளா அண்ணே இப்படி?"

"நாலஞ்சு வருஷமா. காய் இருக்கிற காலத்துல தினமும். இவன் வருவான்னு பார்த்தேன். அவனுக்கு அங்கே வேலை. வான்னு கூப்பிடவும் மனசு வரலை."

பன்னிரண்டு மணி வாக்கில், "நான் பார்த்துக்கிறேன், நீங்க படுங்க" என்றேன். தயங்கினார். பிறகு துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது, அப்பாவின் குறட்டை. விடியும்வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று யானை வரவில்லை.

வெளுத்ததும் கீழே பையன் இரண்டு சைக்கிளுக்கும் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து, இத்தனை நேரம் தூங்கிவிட்டோமே என்று திருடனைப் போல விழித்தார். அவசரமாகத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பத்திரத்தை எடுத்துட்டு வாங்க அண்ணே. எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

"போடலாம், அவசரம் என்ன? முதல்ல காப்பி குடி" என்று சொல்லிவிட்டு, மடங்கிக் கிடந்த வேலிக் கம்பியை நிமிர்த்தப் போனார்.