காசல்ரீக்கு மேலே விலாங்கு உண்டா?

விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீன். பருவம் வந்ததும் மறுபடி கடலுக்குப் போய், ஒரே முறை முட்டையிட்டுச் செத்துப்போகும். இந்து சமுத்திரத்து விலாங்கு முட்டையிடுவதை இன்றுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1928-30இல் டென்மார்க்கின் ‘டானா’ கப்பல் உலகைச் சுற்றியபோது சுமாத்திராவுக்கு மேற்கே மிகச் சிறிய குஞ்சுகள் வலையில் விழுந்தன. முட்டையிடும் இடம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று அதை வைத்து ஊகிக்கிறார்கள். இலை போலத் தட்டையாய் நீரோட்டத்தில் மிதந்து வரும் குஞ்சு, கரை நெருங்கும்போது கண்ணாடிபோல உடம்பெல்லாம் தெரிகிற விரல்நீளப் புழுவாக மாறுகிறது. கொழும்புக்கு வடக்கே களனி கங்கை முகத்தில் நுழைவது அந்த உருவத்தில்தான்.

*

அங்கிருந்து மேலே வர வேண்டும். கித்துல்கலைக்குக் கிட்ட கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்கின்றன. இரண்டும் நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளிருந்து இறங்குபவை. முன்னதில் நோட்டன் பிரிட்ஜ் அணை (1950), அதற்கும் மேலே காசல்ரீ (1965). பின்னதில் லக்ஸபான, கெனியன், மவுசாக்கலை (1969). மவுசாக்கலை பழைய மஸ்கெலியா டவுனையே விழுங்கிய அணை. தண்ணீர் வற்றினால் கோயில் தெரியும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். தண்ணீருக்குள் எந்த மீன் வழி தவறி நின்றது என்று எவரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

காசல்ரீ சுவர் எழும்பிக்கொண்டிருந்த 1964இல்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத் தமிழரான நம்மில் எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் இந்தியாவில் என்று கணக்குப் போட்டார்கள். மனிதரை எண்ணினார்கள், மீனை எண்ணவில்லை.

*

அணைதான் விலாங்கின் வழியை அடைத்தது என்பதற்கு எதிர்வாதத்தையும் எழுதி வைக்கிறேன். அணைக்கு முன்பே சுவர் இருந்ததே? லக்ஸபான அருவி 100 மீட்டருக்கு மேல், அபர்டீன் அருவியும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. விலாங்குக் குஞ்சு ராத்திரியில் ஈரப்பாசி பிடித்த பாறையில் நெளிந்து நெளிந்து ஏறக்கூடியது; அருவியோரப் பாறை அதற்குப் படிக்கட்டு. வழவழப்பாகப் பூசிய, காய்ந்துகிடக்கும் கொங்கிரீட் அப்படி இல்லை. ஆனாலும் அருவிக்கு மேலே எத்தனை ஏறின என்பதற்கு அணை கட்டுமுன் எடுத்த கணக்கு வேண்டும். அப்படிக் கணக்கெடுக்க வைக்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டத் திருத்தம் 1988இல்தான் வந்தது.

*

நோர்வூட் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “டேம் கட்டுறதுக்கு முந்தி கல்லுக்கடியில கைய விட்டா வழுக்கிக்கிட்டு ஓடும் தம்பி. பொறகும் கொஞ்ச காலம் பெருசு பெருசா ஆப்புட்டுச்சு. குட்டிதான் வரல.”

“திம்பீங்களா?”

“எங்க வீட்டுல திங்க மாட்டாங்க, பாம்புன்னுடுவாங்க. நான் வெளியில சுட்டுத் திம்பேன்.”

ஒருவர் சொல்வது கணக்காகாது. ஆனால் “குட்டி வரல” என்பதில் விஷயம் இருக்கிறது. விலாங்குக்கு நீண்ட ஆயுள், பல ஆண்டுகள் ஆற்றிலேயே கிடக்கும். வழி அடைபட்ட பிறகும் முன்பே ஏறிய கிழடுகள் மிஞ்சியிருக்கும். பிடிப்பவனுக்கு மீன் இருப்பதுபோலத் தோன்றும்.

*

‘அழிந்துவரும் இனம்’ என்று எப்போது அறிவிப்பது? ஐரோப்பிய விலாங்குக்கு வழக்கு எளிது: கரைக்கு வரும் குஞ்சுகளின் எண்ணிக்கை அடியோடு விழுந்தது, பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலை என்று போட்டார்கள். ஜப்பானிய விலாங்கு 2014இல் ஆபத்தான இனம் ஆனது. அமெரிக்க விலாங்குக்குப் பாதுகாப்புக் கேட்டு 2004இல் மனு போனது. ஆய்ந்த அந்நாட்டு அரசு 2007இல் தேவையில்லை என்றது, 2015இலும் அதையே சொன்னது. காரணம் யோசிக்க வைக்கிறது. அந்த இனம் முழுவதும் ஒரே இடத்தில் கூடி முட்டையிடும் ஒரே கூட்டம். குஞ்சு தாய் வளர்ந்த ஆற்றைத் தேடிப் போவதில்லை, நீரோட்டம் கொண்டுபோகும் ஆற்றில் ஏறும். ஆகவே அணைகளால் மேலாறுகள் பல காலியாகிவிட்டாலும் இனம் நிலைத்திருக்கிறது என்று தீர்ப்பு.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை. மேலாறு வரை ஏறி வருபவை பெரும்பாலும் பெண். பெரிதாகி, முட்டை சுமந்து திரும்புபவை. அவற்றின் இடத்தைக் கழித்துவிட்டு மீதியை எண்ணுவது என்ன கணக்கு? நம் ஆறுகளின் இரண்டு விலாங்கினங்களும் சிவப்புப் பட்டியலில் ‘அச்சுறுத்தலை அண்மித்தவை’. கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

*

ட்ரவுட் மீனை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1880களில் துரைமார் தூண்டில் போட்டு விளையாட இங்கிலாந்திலிருந்து முட்டை வரவழைத்தார்கள். அதற்கென்று நுவரெலியாவில் குஞ்சுபொரிப்பகம், மீன்பிடிக் கழகம், அனுமதிச் சீட்டு எல்லாம் இருந்தன. சுமாத்திராவிலிருந்து தானாக வந்ததற்கு ஒன்றுமில்லை.

*

1937ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் விலாங்கைச் சேர்த்தால் போதும் என்கிறார் நண்பர். சேர்த்தால் யார் பிடிபடுவார்? ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஓயாவுக்குப் போகும் லயத்துப் பையன். சுவர் அப்படியே நிற்கும். கீழே இறங்க முயலும் தாய் விலாங்கு மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகும் சுரங்கத்துக்குள் இழுபட்டு டர்பைனில் சிதையும். அதற்கு வழக்கு இல்லை. மலையெங்கும் முளைத்திருக்கும் சிறு நீர்மின் நிலையங்களின் தடுப்பணைகள் வேறு. அவை உயரம் குறைந்தவை. ஓரமாக ஒரு சரிவு, அதில் தூரிகை மயிர் பதித்த பலகை, மேலே கொஞ்சம் தண்ணீர் கசிந்தால் குஞ்சு ஏறிவிடும். ஐரோப்பாவில் பல ஆறுகளில் வைத்திருக்கிறார்கள். அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும்போது இதை நிபந்தனையாக்கலாம். என் தீர்ப்பு: முதலில் இது, அதன் பிறகு அட்டவணை.

*

அதற்கும் கணக்கு வேண்டும். பொகவந்தலாவை, டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: கடைசியாக விலாங்கு பார்த்தது எந்த ஓயாவில், எந்த வருஷம், எவ்வளவு நீளம், குட்டியா பெரியதா. எழுதி ஊர்ப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள். காசல்ரீ அணைக்கு முந்திய ஆற்றைப் பார்த்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள்.