பாலாலயம்

கோயிலில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைச் சிறியதோர் இடத்தில் எழுந்தருளச் செய்து அங்கே வழிபாட்டைத் தொடர்வார்கள். கருவறையில் சாரம் நின்றாலும் நித்திய பூஜை நிற்காது. வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆனதும் சுவாமி தன் இடத்துக்கே திரும்பிவிடுவார். நியூயார்க்கில் ஏழை எளியவர்களின் பழைய குடியிருப்புகளைக் காப்பாற்றும் அரசுத் திட்டம் ஒன்றை நடத்துகிறேன். என் வேலையை விளக்கப் பாலாலயத்தைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்தக் குடியிருப்புகளை இங்கே சப்போர்ட்டிவ் ஹவுசிங் என்பார்கள். தெருவிலும் இரவுப் புகலிடங்களிலும் காலம் தள்ளியவர்களுக்கும் மனநோயோடு வாழ்கிறவர்களுக்கும் உரிய நிரந்தர வீடுகள் இவை. வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில் இருக்கும். வருமானத்தில் சுமார் 30 சதவீதம் வாடகை, மீதி அரசு உதவி. கீழ்த்தளத்தில் சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். மருந்தை நினைவூட்டுவதும் மருத்துவமனைக்குத் துணைக்குப் போவதும் அவர்கள் வேலை. அந்த உதவியை ஏற்பதும் மறுப்பதும் குடியிருப்பவர் விருப்பம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை அறிந்தவர்களுக்கு இதன் பூர்வகதை எளிதில் விளங்கும். ஓர் அறை, ஒரு கட்டில், நடையின் கோடியில் பொதுக் குளியலறை என்று நியூயார்க்கிலும் ஒற்றையறை விடுதிகள் ஏராளமாக இருந்தன. 1955-இல் புதிதாக அவற்றைக் கட்ட நகரம் தடை விதித்தது. 1970-களில் அவற்றை வசதியான வீடுகளாக மாற்றுவோருக்கு வரிச்சலுகையும் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் மறைந்தன. அதே காலத்தில்தான் மாநில மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. வந்தவர்களுக்குப் போக இடமில்லை. 1980-இல் மூன்று பிரான்சிஸ்கன் துறவிகள் கிழக்கு 24-ஆம் தெருவில் ஒரு பழைய ஹோட்டலைப் புனித பிரான்சிஸ் இல்லமாகத் திறந்தார்கள். 1991-இல் ரோசான் ஹேகர்ட்டியின் காமன் கிரவுண்ட் அமைப்பு, டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டலை எடுத்து 652 வீடுகளாக்கியது. ஆக, இந்த முறை பிறந்ததே பழைய கட்டடங்களைக் காப்பாற்றியதில்தான்.

அன்று காப்பாற்றியவற்றை இன்று மறுபடி காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குப் பணம் வந்தது, முதலீட்டாளருக்கு வரிக்கழிவு தரும், 1986-இல் பிறந்த திட்டத்தின் வழியே. அதில் முதலீட்டாளரின் பொறுப்பு 15 ஆண்டுகள்; பிறகு அவர் விலகிக்கொள்ளலாம். பாய்லருக்கும் கூரைக்கும் வயதாவது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். என் திட்டம் குறைந்த வட்டியில் புதுக் கடன் கொடுத்துப் பழுது பார்க்க உதவும். பதிலுக்கு, இத்தனை ஆண்டுகள் வாடகையை ஏற்ற மாட்டோம், இன்னாருக்கே வீடு தருவோம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்கும்.

ஒரு கட்டடத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது காலி அறைகளின் பட்டியல். ஓர் அறையில் கூரை ஒழுகும். பழுது பார்க்கக் கையிருப்பு இல்லாமல் பூட்டி வைப்பார்கள். பூட்டிய அறைக்கு வாடகை வராது. வாடகை குறைய, அடுத்த அறையின் பழுதும் தள்ளிப்போகும். பணியாளர் சம்பளம் இழுபடும். ஐந்தாறு வருடம் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாசல் மேசைக்காரர் வேலையை விட்டுப் போவார். லாஸ் ஏஞ்சலஸில் 1989 முதல் இயங்கிய ஸ்கிட் ரோ ஹவுசிங் டிரஸ்ட், 29 கட்டடங்களை நடத்த முடியாமல் 2023-இல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கைக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து காலி அறைப் பட்டியலை இன்னும் கவனமாகப் படிக்கிறேன்.

நிதித்துறைக் கூட்டங்களில் இதற்கு ஏன் பணம் என்று கேட்பார்கள். டென்னிஸ் கல்ஹேனும் சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்து வைப்பேன். நியூயார்க்கில் இப்படி வீடு பெற்ற 4,679 பேரை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஆண்டுச் செலவு 17,277 டாலர். புகலிடம், மருத்துவமனை, சிறை ஆகியவற்றில் அவர்கள் தங்குவது குறைந்ததால் மிச்சமானது சுமார் 16,280 டாலர். கணக்கு தெளிவானது. ஆனால் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பது கணக்கு அல்ல.

சில வருடங்களுக்கு முன் ஓர் எட்டு மாடிக் கட்டடத்தில் குழாய் மாற்றினோம். இத்தகைய கட்டடங்களில் குழாய் மேலிருந்து கீழே ஒரே நேராக இறங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள எட்டு அறைகளையும் ஒரே சமயத்தில் காலி செய்தால்தான் சுவரைத் திறக்கலாம். அந்த அடுக்கை ‘லைன்’ என்பார்கள். லைனில் இருந்த எட்டுப் பேருக்கும் அதே கட்டடத்தில் தற்காலிக அறைகளைத் தயார் செய்தோம். சாமான் கட்ட ஒவ்வொரு வாசலிலும் கறுப்பு நிறக் குப்பைப் பைகளை வைத்தோம்.

ஏழாவது மாடி அம்மா இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. சமூகப் பணியாளர்தான் காரணத்தைச் சொன்னார். முன்பு ஒவ்வொரு இடத்திலிருந்தும் அந்த அம்மாவை வெளியேற்றியபோது, துணிமணியை இப்படிப்பட்ட பையில்தான் போட்டுக் கொடுத்தார்களாம். பை வந்தால் அடுத்தது தெரு என்பது அவர் உடம்பில் எழுதியிருந்தது. பைகளை வாங்கச் சொன்ன பட்டியலில் கையெழுத்திட்டவள் நான். தப்பு என்னுடையது.

அன்றே பைகளை எடுத்துவிட்டு, மூடிபோட்ட பெட்டிகள் கொடுத்தோம். திரும்பி வரும் தேதியையும் அறை எண்ணையும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் தந்தேன். அவர் அறையைப் படமெடுத்து, தற்காலிக அறையில் கட்டிலை அதே பக்கம், ரேடியோவை அதே ஜன்னலோரம் வைத்தோம். பழைய அறையின் சாவியை அவரிடமே விட்டோம். தீ தாங்கும் புதுக் கதவு வரவிருந்ததால், பழைய பூட்டின் உள்பாகத்தைக் கழற்றிப் புதுக் கதவில் பொருத்தித் தரும்படி ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன். அரைமணி நேர வேலை. இன்று எங்கள் ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் பெட்டி, படம், தேதி எழுதிய தாள், பழைய சாவி ஆகிய நான்கும் உண்டு.

நம் ஊரில் கோயிலுக்குப் 12 வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கூரை ஒழுகும்வரை காத்திருப்பதில்லை. நானும் கடன் பத்திரம் கையெழுத்தாகும் நாளிலேயே அடுத்த பழுதுபார்ப்பின் ஆண்டையும், அதற்காக ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய தொகையையும் எழுத வைக்கிறேன்.

சொன்ன தேதியில் அந்த அம்மா ஏழாவது மாடிக்குத் திரும்பினார். கதவு புதிது, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சாவியைப் போட்டுத் திருப்பினார். திறந்தது. உள்ளே போகாமல் மறுபடி பூட்டினார், மறுபடி திறந்தார். பிறகு நேரே குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து, சூடாக வரும்வரை கையை நீட்டிக்கொண்டு நின்றார்.